குப்பைக் கடிதத்தைக் குப்பையில் போடாதீர்கள்: கலிஃபோர்னியாவில் கடை நடத்தும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

உணவகமும் மளிகைக் கடையும் நடத்தும் நம்மவர்களுக்கு,

வணக்கம். சின்னக் கடைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. மாதக் கடைசியில் என்னிடம் வரும் கட்டில் வாடகை, கரண்ட், சரக்கு பில்கள் எல்லாவற்றிலும் உரிமையாளர் கை பட்டிருக்கும். குப்பை பில் மட்டும் உறை கிழிக்காமல் வரும். கூடவே நகராட்சி முத்திரையோடு ஒரு கடிதம், அதுவும் ஒட்டினது ஒட்டினபடி. கேட்டால், "ஏதோ ரீசைக்ளிங்காம், நீங்களே பார்த்துக்கோங்க" என்பார்கள். அது கணக்குப்பிள்ளை பார்த்து முடிக்கிற காரியம் இல்லை. உங்கள் அடுக்களையிலும் கடையின் பின்கட்டிலும் முடிய வேண்டிய காரியம். அதனால் எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடுகிறேன்.

முதலில், அந்தக் கடிதம் புதுசு இல்லை. கடைகள் கட்டாயம் ரீசைக்கிள் செய்ய வேண்டும் என்ற மாநிலச் சட்டம், ஏபி 341 (ஏபி என்றால் மாநில அசெம்பிளியில் வந்த மசோதா), 2011இல் வந்து 2012 ஜூலை 1இல் அமலானது. வாரத்துக்கு 4 கன கெஜம் அல்லது அதற்கு மேல் குப்பை போடும் கடை எதுவானாலும் உள்ளே வரும். ஐந்து வீடும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்புக் கட்டடங்களும் அப்படித்தான். 4 கன கெஜம் என்றால் நிறையப் போலத் தெரியும். வீட்டு வாசலில் நிற்கும் பெரிய 96 கேலன் தொட்டியில் எட்டு, அவ்வளவுதான். மதியச் சாப்பாடு போடும் எந்த உணவகமும் அதைத் தாண்டிவிடும்.

அப்புறம் 2014இல் ஏபி 1826 வந்தது. உணவுக் கழிவையும் தனியே பிரிக்க வேண்டும் என்றது அது. பெரிய கடைகளில் தொடங்கி வருஷத்துக்கு வருஷம் வரம்பை இறக்கிக்கொண்டே வந்தார்கள். 2016இல் எஸ்பி 1383, மாநில செனட்டில் வந்த மசோதா. அதன் விதிகள் 2022 ஜனவரி 1இல் அமலான பிறகு வரம்பு என்ற பேச்சே போய்விட்டது. டீக்கடை அளவு கடையானாலும், விலக்கு வாங்காதவரை, ரீசைக்கிள் சாமானுக்கு நீலத் தொட்டியும் உணவுக் கழிவுக்குப் பச்சைத் தொட்டியும் வைத்தே ஆக வேண்டும். உணவுக் கழிவு குப்பை மேட்டில் காற்றுப் புகாமல் புதைந்து அழுகும்போது மீத்தேன் கிளம்புகிறது. மாநிலம் அதைத்தான் குறி வைக்கிறது. 2014இல் புதைத்த மக்கும் குப்பையின் அளவை 2025க்குள் 75 சதவீதம் குறைப்பது என்று இலக்கும் வைத்தது.

இனி நகராட்சியின் நிலைமையைச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் பலர் அதை வரிவசூல் பண்ண வந்த எதிரி மாதிரிதான் பார்க்கிறார்கள். அந்த அலுவலகம் மாநிலத்தின் குப்பை, ரீசைக்ளிங் துறையான கால்ரீசைக்கிளுக்குக் கைகட்டிப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறது. சட்டத்தை நடைமுறைப்படுத்தாத நகராட்சிக்கு, பெரிய மீறல் என்றால் ஒரு நாளைக்கு 10,000 டாலர் வரை அபராதம் போட மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. எந்தக் கடையில் எந்தத் தொட்டி இருக்கிறது, யாருக்கு விலக்கு கொடுத்தோம், யாருக்கு நோட்டீஸ் போனது, எல்லாம் ஏட்டில் இருக்க வேண்டும். வாரத்துக்கு 2 கன கெஜமும் அதற்கு மேலும் குப்பை போடும் கடைகளின் கணக்கை வருஷா வருஷம் சரிபார்க்க வேண்டும். வண்டி போகும் வழியில் தொட்டி மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். இது போதாதென்று, ஊரின் மக்கள்தொகையில் தலைக்கு 0.08 டன் என்று கணக்குப் போட்டு, அவ்வளவு மக்கும் கழிவிலிருந்து கிடைக்கும் உரத்தையோ எரிவாயுவையோ நகராட்சியே வாங்கவும் வேண்டும். ஒரு லட்சம் பேர் உள்ள ஊர் என்றால் 8,000 டன் கழிவுக்குச் சமம். அதை முழுக்க உரமாகவே வாங்கினால் 4,640 டன். அத்தனை உரத்தை எந்தப் பூங்காவில் கொட்டுவது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் அதிகாரிகள் இருக்கிறார்கள்.

இதை ஏன் விலாவாரியாகச் சொல்கிறேன்? அவர்கள் ஏட்டில் உங்கள் கடைக்கு நேராக "சரி" என்று விழ வேண்டும். உங்களுக்கு அது எவ்வளவு தேவையோ, அதைவிட அவர்களுக்குத் தேவை. அதனால் கடிதம் வந்தவுடன் பயந்து ஒளியாமல் அதில் உள்ள எண்ணுக்கு நீங்களே முதலில் போன் பண்ணினால், உங்களுக்கு நிறையக் கிடைக்கும். நேரில் வந்து தொட்டிகளை அளந்து, எந்த அளவு போதும் என்று சொல்ல ஆள் அனுப்பும் ஊர்கள் உண்டு. படம் போட்ட ஸ்டிக்கரும், அடுக்களைக்குள் வைக்கச் சின்னப் பச்சை வாளியும் இலவசமாகத் தரும் ஊர்களும் உண்டு. கேட்காதவர்களுக்கு வருவது நோட்டீஸ் மட்டும்தான்.

இப்போது பில். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பெரும்பாலான ஊர்களில் கடைக் குப்பைக்குக் காசு எடைக்கு இல்லை, இடத்துக்கு. தொட்டி எத்தனை கன கெஜம், வாரத்துக்கு எத்தனை தடவை எடுக்கிறார்கள், இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் உங்கள் பில். தொட்டி நிறைந்திருந்தாலும் பாதி காலியாக இருந்தாலும் அதே காசு. 4 கெஜத் தொட்டி, வாரம் மூன்று தடவை என்றால் 12 கெஜத்துக்குக் கட்டுகிறீர்கள். அதன் மூடியைத் திறந்து பாருங்கள். மேலே தெரிவது தக்காளிப் பெட்டி, எண்ணெய் ஜாடி வந்த பெட்டி, டேக்அவுட் டப்பா வந்த பெட்டி, எல்லாம் மடிக்காமல் அப்படியே. பெட்டிக்குள் இருப்பது காற்று. காற்றை ஏற்றிப்போகக் கலிஃபோர்னியா ரேட்டில் கூலி கொடுக்கிறீர்கள்.

அட்டையை வெட்டித் தட்டையாக்கி நீலத்தில் போட்டால், மிச்சக் குப்பை போகும் கறுப்புத் தொட்டியில் இடம் விழும். ஆனால் இடம் விழுந்த உடனே பில் குறையாது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வாரம் மூன்று தடவை எடுக்கச் சொன்னது தொட்டி நிறைவதற்காக மட்டுமா? நாற்றத்துக்காகவும்தான். சோறு, சாம்பாரில் கிடந்த காய், கறிவேப்பிலைக் காம்பு, டீத்தூள் சக்கை, சாப்பிட்டு மடித்த இலை, எல்லாம் கறுப்பில் கிடக்கும்வரை தடவையைக் குறைக்க முடியாது. அவை பச்சைக்குப் போனால், கறுப்பில் மிஞ்சுவது பிளாஸ்டிக் உறையும் கிழிந்த கையுறையும் மாதிரி நாறாத சாமான்தான். அப்போது 4 கெஜம் மூன்று தடவை என்பதை 2 கெஜம் இரண்டு தடவை ஆக்கலாம். 12 கெஜம் 4 ஆகிறது. பச்சைக்கும் காசு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உணவுக் கழிவு கனமானது, இடம் அடைக்காது. சின்னத் தொட்டியே தாங்கும். பல ஊர்களில் நீலமும் பச்சையும் கறுப்பைவிட மலிவு. சான் ஃபிரான்சிஸ்கோ 2009லேயே, மாநிலச் சட்டத்துக்கு முன்னாலேயே, ரீசைக்ளிங்கையும் உரக்குப்பையையும் எல்லோருக்கும் கட்டாயமாக்கிய ஊர். அங்கே கறுப்பைக் குறைக்கக் குறைக்கப் பில்லில் தள்ளுபடியும் உண்டு.

பச்சையும் நீலமும் வாங்கி வைத்துவிட்டு, கறுப்பைக் குறைக்கச் சொல்ல மறந்தால்? மூன்றுக்கும் சேர்த்துக் கட்டுவீர்கள். "ரீசைக்ளிங் வந்து செலவு ஏறிப்போச்சு" என்று புலம்புகிறவர்களின் பில்லைப் பார்த்தால், பாதிக்குப் பாதி இந்தக் கதைதான். குப்பை அள்ளும் கம்பெனி தானாக வந்து உங்கள் கறுப்புத் தொட்டியைச் சின்னதாக்கித் தராது. நீங்கள்தான் கேட்க வேண்டும், எழுத்தில்.

அடுத்தது பின்கட்டு. நம் கடைகளில் பெரும்பாலானவை ஸ்ட்ரிப் மாலில் இருக்கின்றன. ஒரு பக்கம் சலூன், ஒரு பக்கம் பல் டாக்டர், நடுவில் நீங்கள். பின்னால் மூன்று பக்கம் சுவர் எழுப்பிய ஓர் அடைப்பு, அதில் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு பெரிய தொட்டி. தொட்டிக் கணக்கு கட்டட உரிமையாளர் பேரில், பில் வாடகையோடு சேர்ந்து பங்கு பிரிந்து வருகிறது. நகராட்சி நோட்டீஸ் மட்டும் உங்கள் பேருக்கு! அப்படி ஓர் அடைப்பை நான் போய்ப் பார்த்தேன். பச்சைத் தொட்டி இருந்தது, புதுசாக, ஸ்டிக்கர்கூட உரியாமல். உள்ளே கட்டின கறுப்புப் பை ஒன்று. அதைப் பிரித்தால் சோறும் இலையும், அவற்றோடு சலூனின் முடியும் ஒரு பாட்டிலும். சோற்றைப் போட்டவர் ஒழுங்காகத்தான் பச்சைக்குக் கொண்டுவந்திருக்கிறார். பையைப் பிரித்துக் கொட்டவில்லை, அவ்வளவுதான். மிச்சத்தைச் செய்தது யாரோ. வண்டியின் கேமராவில் படம் விழுந்து, கலப்படக் கட்டணம் என்று பில்லில் ஏறி, கடைசியில் ஐந்து கடை தலையிலும் பங்காக வந்து விழுந்தது.

சட்டம் இதில் கடைக்காரரை மட்டும் பிடிக்கவில்லை. தொட்டி வைத்துத் தர வேண்டிய பொறுப்பு கட்டட உரிமையாளருக்கும் உண்டு. வாடகைக்கு இருப்பவர்களுக்கு வருஷம் ஒரு தடவையாவது எதை எதில் போடுவது என்று அவர் தெரிவிக்கவும் வேண்டும். புதிதாகக் குடிவருகிறவருக்கு, வந்த இரண்டு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். உங்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு காகிதம் வந்தது? கட்டட உரிமையாளரிடம் தனியாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்பார். சலூனையும் பல் டாக்டரையும் சேர்த்துக்கொண்டு, நகராட்சி அதிகாரிக்கு நகல் போட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் நடக்கிற வேகமே வேறு. அடைப்புக்குப் பூட்டும் கேளுங்கள். ராத்திரியில் யாரோ மெத்தையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிற ஊர் இது.

நம் அடுக்களைக்கென்று சில விஷயங்கள். வாழை இலை பச்சைக்குப் போகும். எண்ணெய் படிந்த காகிதமும் டிஷ்யூவும் பெரும்பாலும் பச்சைதான், நீலம் இல்லை. தேங்காய்ச் சிரட்டையைச் சில ஊர்களில் வாங்குவார்கள், சில ஊர்களில் மாட்டார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ரசம், சாம்பார் என்று தண்ணீராக இருப்பதை வடிக்காமல் எந்தத் தொட்டியிலும் ஊற்றாதீர்கள். பொரித்த எண்ணெய் இந்த மூன்றிலும் சேராது; அதை எடுத்துப்போக உரிமம் பெற்ற ஆட்கள் தனியாக இருக்கிறார்கள். அரிசி வரும் நெய்த பிளாஸ்டிக் சாக்கை நீலத்தில் திணிப்பது நம் கடைகளுக்கே உரிய பழக்கம். பிரிக்கும் ஆலையில் சுழலும் உருளைகளில் இந்தச் சாக்கும் பிளாஸ்டிக் பையும் சுற்றிக்கொண்டால், இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஆள் ஏறிக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். "மக்கும் பிளாஸ்டிக்" என்று அச்சடித்த டம்ளரை விலை கொடுத்து வாங்கும் முன் உங்கள் ஊர் உரக்கூடம் அதை ஏற்குமா என்று கேளுங்கள். பல கூடங்கள் பொறுக்கி எடுத்துக் குப்பைமேட்டுக்குத்தான் அனுப்புகின்றன. மளிகைக் கடைக்காரர்களுக்கு இன்னொன்று: காய்கறி போட்டுத் தரும் உருளைப் பை 2025 ஜனவரி 1 முதல் உரமாகக்கூடியதாகவோ மறுசுழற்சிக் காகிதமாகவோ இருக்க வேண்டும். பழைய ஸ்டாக்கை இன்னும் தொங்கவிட்டிருக்கும் கடைகளை நான் பார்க்கிறேன்.

இரண்டு ஊரில் கிளை வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை. சான் ஹோசேயில் 2012 முதல் கடைகளுக்கு ஈரம், உலர்ந்தது என்று பிரிக்கும் முறை. சான் ஃபிரான்சிஸ்கோவில் மூன்று நிறத் தொட்டி. ஒரே மேனேஜர் இரண்டு கிளையையும் பார்த்தால் குழம்பித்தான் போவார். நிறங்களை மாநிலம் முழுக்க ஒன்றாக்க 2036 வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை ஊருக்கு ஊர் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

இன்னொரு உண்மையையும் பேசிவிடலாம். தொட்டியில் போடுவது நீங்கள் இல்லை. பாத்திரம் கழுவுகிறவரும் மேசை துடைக்கிறவரும்தான். நம் உணவகங்கள் பலவற்றில் அவர் பேசுவது ஸ்பானிஷ். கல்லாவில் இருப்பவர் தமிழில் சொல்லி, மாஸ்டர் பாதி ஹிந்தியில் சொல்லி, கடைசியில் அவர் காதுக்குப் போவது என்னவென்று யாருக்கும் தெரியாது. சுவரில் ஒட்டுகிற தாளில் எழுத்தைக் குறைத்துப் படத்தைக் கூட்டுங்கள், உங்கள் அடுக்களைச் சாமான்களையே போட்டோ எடுத்து. பச்சை வாளியை அவர் கை எட்டும் இடத்தில், தட்டு வந்து விழும் மேடைக்குப் பக்கத்தில் வையுங்கள். பின்வாசலில் வைத்தால் ராத்திரி பதினோரு மணிக்கு அங்கே நடந்துபோய்ப் பிரித்துப் போட யாருக்குத் தெம்பு இருக்கும்? வாடிக்கையாளரே தட்டை எடுத்துப் போடும் கடையென்றால், கறுப்புக்குப் பக்கத்திலேயே நீலமும் பச்சையும் அவர் கண்ணில் பட வேண்டும் என்பதும் சட்டம். மேசையில் பரிமாறி, பணியாளர் எடுத்துப்போகும் உணவகத்துக்கு வாடிக்கையாளர் பக்கம் தொட்டி வேண்டாம், அடுக்களைப் பக்கம் கட்டாயம் வேண்டும்.

விலக்கு உண்டா என்றால் உண்டு. பின்கட்டில் உண்மையிலேயே இடம் இல்லையென்றால், நகராட்சி ஆளோ குப்பைக் கம்பெனியோ உரிமம் பெற்ற கட்டடக் கலைஞரோ அதை உறுதிப்படுத்தினால் போதும். மக்கும் கழிவு மிகக் குறைவு என்றாலும் கேட்கலாம்: வாரக் குப்பை 2 கெஜத்துக்குக் கீழே, அதில் மக்கும் கழிவு 10 கேலனுக்குக் கீழே என்றால். துணிக்கடைக்கும் டிராவல் ஆபீஸுக்கும் இது பொருந்தும், உணவகத்துக்குப் பொருந்தாது. அட்டையை நானே வண்டியில் ஏற்றிப்போய்ப் போடுகிறேன் என்கிறவர்கள் எடைச் சீட்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். கேட்கும்போது காட்ட வேண்டும்.

அபராதம்: முதல் மீறலுக்கு 50 முதல் 100 டாலர், இரண்டாவதுக்கு 100 முதல் 200, மூன்றாவதுக்கும் மேலும் 250 முதல் 500. மீறல் நோட்டீஸ் வந்தபின் திருத்திக்கொள்ள 60 நாள் தருகிறார்கள். "கட்டிட்டுப் போறேன்" என்று சொல்லும் அளவுக்குச் சின்னத் தொகைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேவையில்லாத பெரிய கறுப்புத் தொட்டிக்கு மாதா மாதம் கட்டுகிற காசு அதைவிட அதிகம். அதை யாரும் அபராதம் என்று சொல்வதில்லை, அதனால் உறைப்பதில்லை.

மிச்ச உணவைப் பற்றி ஒரு வார்த்தை. 250 இருக்கையோ 5,000 சதுர அடியோ உள்ள உணவகமும், 10,000 சதுர அடிக்குக் குறையாத மளிகைக் கடையும், சாப்பிடத் தகுந்த உணவைத் தொட்டியில் போடாமல் உணவு வங்கிக்குக் கொடுக்க ஒப்பந்தம் வைத்திருக்க வேண்டும். கொடுத்ததற்கும் கணக்கு வேண்டும். "யாருக்காவது வயிற்றுக்கு ஆகாமல் போனால் கேஸ் வருமே" என்று தயங்குகிறவர்களுக்கு: நல்லெண்ணத்தோடு தானம் தருபவரைக் காக்கும் மத்திய சட்டம் 1996 முதலே இருக்கிறது, மாநிலச் சட்டமும் உண்டு.

நகராட்சிகள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் 2017 ஜூலையில் ஊரை 11 மண்டலமாகப் பிரித்து ஏழு கம்பெனிகளுக்குக் கடைக் குப்பையை ஒப்படைத்தபோது, ரீசைக்ளிங் பெருகும் என்று சொல்லித்தான் செய்தார்கள். கடைக்காரர்களுக்கு முதலில் தெரிந்தது எகிறிய பில். பூட்டைத் திறக்கத் தனிக் காசு, தொட்டி உள்ளே தள்ளி இருந்தால் அதை உருட்டி வரத் தனிக் காசு என்று ஊரே கொதித்தது. மாநிலத்தின் லட்சணமும் பெரிதாக இல்லை. 2020க்குள் 75 சதவீதம் ரீசைக்ளிங் என்று ஏபி 341 வைத்த இலக்கில் பாதிக்கு மேல் கொஞ்சம்தான் எட்ட முடிந்தது. எஸ்பி 1383ஐக் கொஞ்சம் நிறுத்தி வைத்துச் சரிசெய்யுங்கள் என்று, அரசின் செயல்பாட்டை ஆராயும் மாநிலத்தின் லிட்டில் ஹூவர் கமிஷனே 2023இல் சொன்னது. யாரும் நிறுத்தவில்லை. எனக்குக் கேட்டால், இத்தனை கடைகளுக்குத் தொட்டி போய்ச் சேர்ந்தது என்று எண்ணிக் காட்டுவதில் இருக்கிற அக்கறை, அதற்குள் என்ன விழுகிறது என்பதில் பல ஊர்களுக்கு இல்லை. ஸ்டிக்கர் உரியாத அந்தப் பச்சைத் தொட்டியும் ஏதோ ஒரு கணக்கில் வெற்றியாக ஏறியிருக்கும்.

இதைச் சொல்ல வேண்டிய இடம் என்னிடமோ வாட்ஸ்அப் குழுவிலோ இல்லை. குப்பைக் கம்பெனியோடு நகராட்சி போடும் ஒப்பந்தமும், அதன் கட்டண உயர்வும் பல ஊர்களில் நகர மன்றக் கூட்டத்துக்கு வந்துதான் நிறைவேறுகின்றன. பச்சைத் தொட்டிக் கட்டணம் கறுப்பில் எவ்வளவு பங்கு, கலப்படக் கட்டணம் போடும் முன் எத்தனை எச்சரிக்கை, பொதுத் தொட்டியில் யார் பொறுப்பு, எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. கம்பெனி ஆட்கள் தவறாமல் வருகிறார்கள். சின்னக் கடைக்காரர்கள் வருவதில்லை. நம்மவர்கள் சுத்தமாக இல்லை. அடுத்த கட்டணக் கூட்டம் எப்போது என்று உங்கள் நகர எழுத்தரிடம் கேளுங்கள். மன்றக் கூட்டங்களைத் திறந்தே நடத்தச் சொல்லும் மாநிலத்தின் பிரவுன் சட்டப்படி பொதுமக்கள் யாரும் அங்கே எழுந்து பேசலாம். இங்கிலீஷில் பேசத் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்க்க ஓர் ஆளைக் கூட்டிப்போய்த் தமிழிலேயே பேசுங்கள். நேர வரம்பு வைத்திருக்கும் மன்றம், மொழிபெயர்ப்பாளரோடு வருபவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. போகும்போது மூன்று மாதக் குப்பை பில்லை எடுத்துப் போங்கள், இந்தத் தடவை உறையைப் பிரித்து.

இப்படிக்கு,
உங்கள் கணக்குப்பிள்ளைகளில் ஒருவர்